மக்காச்சோளத்துக்காக மண்ணுக்குள் இறங்கிய நூலகம்: அர்பானா-ஷாம்பெய்னில் ஐந்து வருஷம்

"அக்கா, கேம்பஸ் ரொம்பப் பெருசா? எல்லா இடத்துக்கும் நடந்தே போயிடலாமா?" என்று போன வாரம் ஒரு தம்பி கேட்டான். அர்பானா-ஷாம்பெய்னில் இருக்கும் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அவனுக்கு முதுகலை இடம் கிடைத்திருக்கிறது. ஆகஸ்டில் கிளம்புகிறான். வளாக வரைபடத்தை அனுப்பினால் போதும் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் 2016இல் நானும் அதே வரைபடத்தை ஒரு மாதம் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. கட்டடங்களின் பெயரெல்லாம் மனப்பாடம். ஆனாலும் போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே வழி தவறினேன். அதனால் அவனுக்கு எழுத ஆரம்பித்தது, இப்படி நீண்டுவிட்டது.

மண் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டத்துக்காக ஐந்து வருஷம் அங்கே இருந்தேன். என் துறையின் கண் வழியாகத்தான் எனக்கு அந்த இடத்தைத் தெரியும். பொறியியல் பக்கம் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்வார்கள்.

சிகாகோவிலிருந்து தெற்கே ஏறக்குறைய 220 கிலோமீட்டர். ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. வழி நெடுக மலை, மேடு எதுவும் கண்ணில் படாது. ஆகஸ்டில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மக்காச்சோளம், அது முடிந்தால் சோயா, மறுபடி மக்காச்சோளம். அதற்கு நடுவே திடீரென்று ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் படிக்கும் ஓர் ஊர். ஊர் என்று சொன்னாலும் இரண்டு ஊர்: ரைட் தெருவுக்கு மேற்கே ஷாம்பெய்ன், கிழக்கே அர்பானா. பல்கலைக்கழகம் இரண்டிலும் கால் வைத்து நிற்கிறது. முகவரி எழுதும்போது எந்த ஊர் என்று கவனித்து எழுதுங்கள். என் முதல் பார்சல் தவறான ஊரின் பெயரோடு ஒரு வாரம் சுற்றியது.

மறுநாள் காலை என் துறை இருக்கும் டர்னர் ஹாலைத் தேடிக் கிளம்பினேன். இல்லினி யூனியன் என்ற மாணவர் மையத்தின் பின்வாசலில் இறங்கினால் குவாட் என்று எல்லோரும் சொல்லும் பெரிய புல்வெளி. எதிர்க்கோடியில் குவிமாடத்தோடு ஃபோலிங்கர் அரங்கம். அதைத் தாண்டித் தெற்கே போனேன். ஒரு திறந்த முற்றம் வந்தது, நடுவில் கைப்பிடிச் சுவர். எட்டிப் பார்த்தால் கீழே இரண்டு மாடி ஆழத்தில் கண்ணாடிச் சுவர்கள், உள்ளே மேசை போட்டுப் படித்துக்கொண்டிருக்கும் மாணவர்கள். நிலத்துக்கு மேலே உள்ளே போகும் வாசல்தான், வேறு ஒன்றுமே இல்லை. ஏன் இப்படித் தோண்டிக் கட்டியிருக்கிறார்கள் என்று நிமிர்ந்து பார்த்தால், பக்கத்திலேயே, பல்கலைக்கழகத்தின் நட்ட நடுவில், ஒரு சின்ன மக்காச்சோளக் கொல்லை.

வழி கேட்க நின்ற இடத்தில் அரை மணி நேரம் நின்றுவிட்டேன். அதுதான் மாரோ பிளாட்ஸ். 1876இல் தொடங்கிய பயிர்ச் சோதனை வயல். அமெரிக்காவில் இன்னும் நடந்துகொண்டிருக்கும் சோதனை வயல்களில் இதுவே பழையது. முதலில் நிறையத் துண்டுகள் இருந்தன. கட்டடங்கள் வந்து வந்து, இப்போது மூன்று மட்டும் மிச்சம். ஒன்றில் அன்று முதல் இன்று வரை வருஷா வருஷம் மக்காச்சோளம் மட்டும். மற்ற இரண்டில் பயிர் சுழற்சி. 1960களில் இளங்கலை மாணவர்களுக்கு நூலகம் கட்ட இடம் பார்த்தபோது, கட்டடம் எழும்பினால் வயலில் நிழல் விழும், நூறு வருஷத்துக் கணக்கு கெட்டுவிடும் என்பது பெரிய பேச்சானது. நூலகத்தை மண்ணுக்குள் இறக்கிவிட்டார்கள். 1969இல் திறந்தார்கள்.

எங்கள் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்திலும் 1909இல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. இளங்கலையில் அந்த வரப்பில் நான் நின்றிருக்கிறேன். அதனாலோ என்னவோ, யாரையும் தெரியாத அந்தக் காலையில் மாரோ வயலைப் பார்த்ததும் தெரிந்த முகத்தைப் பார்த்தது போல் இருந்தது. ஜூலையில் போனால் வரப்பில் நின்றபடியே படிக்கலாம். 1876 முதல் உரமே பார்க்காத பகுதியில் பயிர் வெளிறி, குட்டையாக, தட்டை மெலிந்து நிற்கும். சில அடி தள்ளி, சுழற்சியும் உரமும் கண்ட பகுதியில் இலை கரும்பச்சையாக ஆளை மறைக்கும். வெயிலும் மழையும் ஒன்றுதான். வித்தியாசம் மண்ணில்.

அந்த மண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. கறுப்பென்றால் அப்படி ஒரு கறுப்பு. முதலில் கையில் எடுத்தபோது நம் கரிசல் என்றே நினைத்தேன். காய்ந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. கரிசலுக்கு அதன் களியின் குணம், ஈரத்தில் ஊதும், கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். இங்கே கறுப்பு, பல ஆயிரம் வருஷம் புல்வெளிப் புற்களின் வேர் மக்கி மக்கிச் சேர்ந்த கரிமச் சத்து. விரலில் நசுக்கினால் பொலபொலவென்று உதிரும். ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்த நிலம். அடியில் சுடுமண் குழாய் பதித்து நீரை வடித்த பிறகுதான் இது மக்காச்சோள நாடானது.

இத்தனை பெரிய வளாகம் புரிவதற்கு எனக்கு ஒரு வருஷம் ஆனது. புரிந்த பிறகு ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: வடக்கே பொறியியல், நடுவே கலையும் அறிவியலும், தெற்கே வேளாண்மை, அதற்கும் தெற்கே மாட்டுப் பண்ணையும் வயல்களும். தென்காற்று அடித்தால் வகுப்பிலேயே சாண வாசம் வரும். எனக்குப் பிடிக்கும்.

இந்த அமைப்பு தற்செயல் இல்லை. 1862இல் லிங்கன் கையெழுத்திட்ட மாரில் சட்டம், ஒவ்வொரு மாநிலத்துக்கும் கூட்டாட்சி அரசின் நிலத்தைக் கொடுத்து, அதை விற்ற பணத்தில் உழவும் இயந்திரத் தொழிலும் சொல்லித் தரும் கல்லூரி நடத்தச் சொன்னது. அந்த நிலம் பழங்குடி மக்களிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1867இல் இங்கே இல்லினாய் தொழில் பல்கலைக்கழகம் என்ற பெயரில் தொடங்கினார்கள். கிரீன் தெருவும் ரைட் தெருவும் சேரும் முனையில் ஆல்மா மேட்டர் என்ற வெண்கலத் தாய் இரண்டு கையையும் விரித்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு உருவங்களில் ஒன்று கல்வி, மற்றது உழைப்பு. பல்கலைக்கழகத்தின் குறிக்கோளுரையும் அதே இரண்டு சொற்கள்தான். வடித்தவர் லொராடோ டாஃப்ட், அங்கேயே படித்தவர், 1929இல் நிறுவினார்கள். பட்டமளிப்பு வாரத்தில் அந்தச் சிலை முன்னால் படம் எடுக்க வரிசை நிற்கும். அடியில் பொறித்திருக்கும் வாசகத்தை ஐந்து வருஷம் தினமும் கடந்து போயும் கடைசி மாதத்தில்தான் நின்று படித்தேன். இனி வரப்போகும் மகிழ்ச்சியான பிள்ளைகளுக்கு, முன்னே வாழ்ந்தவர்கள் வாழ்த்து அனுப்புகிறார்கள் என்று அது சொல்கிறது.

சரி, நடந்தே போய்விடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன்.

அங்கே வகுப்புகள் 50 நிமிடம். 10 மணிக்குத் தொடங்கினால் 10:50க்கு முடியும், அடுத்தது 11 மணிக்கு. அந்தப் பத்து நிமிடம் நடப்பதற்கு. முதல் பருவத்தில் இதை யோசிக்காமல் வடக்கே பொறியியல் பகுதியில் ஒரு பாடத்தையும், அது முடிந்த கையோடு டர்னர் ஹாலில் ஒரு பாடத்தையும் எடுத்தேன். இடையில் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். வேகமாக நடந்தாலும் இருபது நிமிடம். தினமும் பாதியில் உள்ளே நுழைந்து, கதவோரக் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, ஆரம்பத்தில் சொன்ன அறிவிப்புகளைத் தவறவிட்டு, ஒரு சின்னத் தேர்வு நடப்பதே தெரியாமல் போய் நின்றேன். பாடம் தேர்ந்தெடுக்கும்போது நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள், கட்டடத்தையும் பாருங்கள். பாடத்தைச் சேர்க்கவும் விலக்கவும் கடைசித் தேதி உண்டு, அதற்குள் மாற்றிக்கொண்டால் எந்த நஷ்டமும் இல்லை. எனக்கு அது தெரிந்தபோது தேதி போய்விட்டது. வகுப்பு தொடங்குவதற்கு முந்தின சனிக்கிழமை, கால அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமையை முழுதாக நடந்து பாருங்கள். எந்த வாசல் திறக்கும், அறை எந்த மாடியில், எல்லாம் தெரிந்துவிடும்.

பஸ்ஸுக்கு மாணவர் கட்டணத்திலேயே பணம் போய்விடுகிறது. ஐகார்டு என்ற அடையாள அட்டை போதும். 22 இல்லினி, 13 சில்வர் என்று எண்ணும் பெயரும் சேர்ந்து இருக்கும். வார இறுதியிலும் இரவிலும் அதே பஸ் 220, 130 என்று பின்னால் ஒரு சுழியம் சேர்த்து, நேரமும் வழியும் மாறி ஓடும். ஞாயிற்றுக்கிழமை 22க்காகக் காத்து நின்று ஏமாறாதீர்கள். இரவு ஆய்வகத்தில் நேரமாகி, பஸ்ஸும் இல்லாமல் தனியாக மாட்டிக்கொண்டால் சேஃப்ரைட்ஸ் என்ற வண்டியைக் கூப்பிடலாம், அதற்கும் காசு கிடையாது. இரவு ஒரு மணிக்கு மாதிரிகளைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அதில் வீடு திரும்பிய நாள்கள் எனக்கு எண்ண முடியாது. பெண் பிள்ளைகள் இதைக் கூச்சப்படாமல் பயன்படுத்துங்கள், அதற்காகத்தான் ஓட்டுகிறார்கள்.

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். காற்றைப் பற்றி யாரும் சொல்வதில்லை. தடுக்க மலையோ காடோ இல்லாத சமவெளியில் வரும் காற்று முகத்தை அறையும். 2019 ஜனவரி கடைசியில் மைனஸ் 20 டிகிரிக்கும் கீழே இறங்கி வகுப்புகளையே நிறுத்தினார்கள். சாதாரண வருஷத்திலும் ஒரு பெரிய கோட்டு மட்டும் வாங்கிப் பிரயோஜனமில்லை. மெல்லியதாக இரண்டு மூன்று அடுக்கு, மேலே காற்றுப் புகாத ஒன்று, காதை மூடும் தொப்பி, பிடிமானம் உள்ள பூட்ஸ். உள்ளாடையில் பருத்தி வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, அந்த ஈரமே குளிரும். இந்தியாவிலிருந்து வாங்கிக்கொண்டு போகவும் வேண்டாம், அக்டோபர் வரை சமாளித்து அங்கேயே வாங்குங்கள். தெருவில் நேராக நடக்காமல், ஒரு கட்டடத்தின் இந்த வாசலில் நுழைந்து அந்த வாசலில் வெளியேறி, மூன்று கட்டடம் வழியாகப் போகும் பழக்கம் இரண்டாம் குளிர்காலத்தில் எனக்குத் தானாக வந்தது. அப்படி நடக்கும்போதுதான் பல துறைகளின் அறிவிப்புப் பலகைகள் கண்ணில் பட்டன. பொதுச் சொற்பொழிவுகள், ஆய்வுக் கருத்தரங்குகள், இலவசக் கச்சேரிகள். இயற்பியல் துறைச் சொற்பொழிவு ஒன்றுக்கு நான் போனதே இப்படி ஒரு குறுக்கு வழியில் பார்த்த தாளால்தான். இயற்பியலில் இரண்டு முறை நோபல் பரிசு பெற்ற ஒரே மனிதரான ஜான் பார்டீன் 1951இலிருந்து இங்கேதான் இருந்தார். தடையே இல்லாமல் மின்சாரம் பாயும் மிகைக் கடத்துத்திறனுக்கு இங்கே கண்ட கோட்பாட்டுக்குத்தான் 1972இல் இரண்டாவது பரிசு.

என் துறைக்கு நெருக்கமானவர் வேறொருவர். கார்ல் வூஸ். பாக்டீரியா என்று எல்லோரும் நினைத்த மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிர்களின் ரைபோசோம் ஆர்என்ஏவை, அதாவது எல்லா உயிரணுவிலும் புரதம் தயாரிக்கும் இடத்தில் இருக்கும் மூலக்கூறைப் பொறுமையாக ஒப்பிட்டு, இவை உயிர் மரத்தில் தனி ஒரு கிளை என்று 1977இல் ஜார்ஜ் ஃபாக்ஸுடன் சேர்ந்து அறிவித்தார். ஆர்க்கியா என்று இன்று பாடப் புத்தகத்தில் இருக்கிறதே, அது. மண்ணில் யார் யார் இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க நான் தினமும் செய்த வேலையும் அதே ரைபோசோம் ஆர்என்ஏவின் மரபணுவைப் படிப்பதுதான். அவர் பெயரிலான ஆய்வு நிலையம் நான் தினம் நடக்கும் வழியில் இருந்தது. அலுத்துப்போன நாள்களில் அந்தப் பெயர்ப் பலகை எனக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது என்று சொன்னால் மிகையில்லை.

முதல் வருஷ பிப்ரவரியில், கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலத்தில் வழுக்கிக் கணுக்கால் முறிந்தது. ஆறு வாரம் ஊன்றுகோல். அந்த ஆறு வாரம் வளாகத்தை எனக்கு வேறு கண்ணால் காட்டியது. தெரு முனை ஒவ்வொன்றிலும் நடைபாதை சரிந்து சாலையோடு சேர்கிறது. பழைய கட்டடங்களில்கூட எங்கோ ஒரு சாய்தளம் இருக்கிறது. பஸ் தாழ்ந்து நிற்கிறது. விசாரித்தபோதுதான் கதை தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் ஊனமுற்றுத் திரும்பிய வீரர்கள் படிக்க வேண்டும் என்று டிமத்தி நியூஜென்ட் என்பவர் 1948இல் இல்லினாயில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான முழுமையான கல்லூரித் திட்டங்களில் அதுதான் முதலாவது. சக்கர நாற்காலி ஏற்றும் பஸ்ஸையும் நடைபாதைச் சரிவையும் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வருவதற்குப் பல வருஷம் முன்பே இங்கே கொண்டுவந்துவிட்டார்கள். அந்தத் திட்டத்தை நடத்தும் அலுவலகத்துக்குத் தயங்கித் தயங்கித்தான் போனேன், எனக்கு வந்தது தற்காலிக முறிவுதானே என்று. வகுப்புக்குப் போய்வர வண்டி ஏற்பாடு செய்து கொடுத்தார்கள்.

இந்தத் தயக்கத்தைப் பற்றித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். இவ்வளவு பெரிய பல்கலைக்கழகத்தில் நமக்கு வேண்டிய உதவி கிட்டத்தட்ட எல்லாமே ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு மாடியில், நாம் கட்டிய கட்டணத்திலேயே காத்திருக்கிறது. ஆனால் யாரும் நம்மைத் தேடி வந்து சொல்ல மாட்டார்கள். நம் ஊர்க் கல்லூரியில் நாலு நாள் வராவிட்டால் யாராவது கேட்பார்கள். அங்கே கேட்க மாட்டார்கள். அது அக்கறையின்மை இல்லை. உன் வழியில் குறுக்கிடக் கூடாது என்பது அவர்கள் மரியாதை. வாய் திறந்து கேட்டால் அதே ஆள்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து உதவுவார்கள்.

முதல் பருவத்துப் புள்ளியியல் பாடத்தில் இடைத்தேர்வு மதிப்பெண் வந்தபோது எனக்குக் கை நடுங்கியது. பாடத்திட்டத் தாளில் 'அலுவலக நேரம், புதன் 3 முதல் 5' என்று முதல் நாளிலிருந்து இருந்தது. பேராசிரியர் அந்த நேரத்தில் வேலையாக இருப்பார், தொந்தரவு செய்யக் கூடாது என்று நான் அர்த்தம் எடுத்துக்கொண்டிருந்தேன். வேறு வழியில்லாமல் ஒரு புதன்கிழமை போனேன். கதவு திறந்திருந்தது. அவர் தனியாக உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, எதிர் நாற்காலியில் இருந்த புத்தகங்களை எடுத்துக் கீழே வைத்தார். மூன்று வாரமாக யாருமே வரவில்லையாம். என் விடைத்தாளில் ஒரே ஒரு தவறுதான் திரும்பத் திரும்ப வந்திருந்தது. ஒரே வயலில் எடுத்த பல மாதிரிகளைத் தனித்தனி வயல்கள் போல் எண்ணியிருந்தேன். பதினைந்து நிமிடத்தில் கரும்பலகையில் நாலு கட்டம் போட்டுப் புரியவைத்தார். அந்தப் பதினைந்து நிமிடம்தான் பின்னால் என் ஆய்வேட்டின் முதுகெலும்பு. அலுவலக நேரம் என்றால் நமக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரம். கேள்வி இல்லாவிட்டாலும் முதல் மாதத்திலேயே ஒரு முறை போய் முகம் காட்டிவிட்டு வாருங்கள்.

நூலகமும் அப்படித்தான். இல்லினாய் நூலகத்தில் ஒரு கோடியே நாற்பது லட்சத்துக்கும் மேல் தொகுதிகள் இருக்கின்றன. பொதுப் பல்கலைக்கழக நூலகங்களில் அமெரிக்காவிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று. பிரதான நூலகத்தின் புத்தக அடுக்குப் பகுதிக்குள் போனால் தாழ்ந்த கூரை, குறுகிய சந்து, பழைய தாளின் மணம், மாடி மேல் மாடி. எதையோ தேடிப் போன ஒரு மாலையில் என் முன்னால் தமிழ் எழுத்து தெரிந்தது. ஒரு அலமாரி முழுக்கத் தமிழ். கெட்டி அட்டை போட்டு, முதுகில் எண் ஒட்டி, 1960களில் அச்சான நாவல்கள், இலக்கண உரைகள், ஊர் வரலாறுகள். அமெரிக்கக் கோதுமைக்கு இந்தியா ரூபாயாகக் கொடுத்த பணத்தில் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்க நூலகங்களுக்கு அனுப்பிய பி.எல். 480 திட்டத்தைப் பற்றி அப்புறம் தெரிந்துகொண்டேன். அன்று அதெல்லாம் தெரியாது. தரையிலேயே உட்கார்ந்து, நூலகம் மூடும் அறிவிப்பு வரும்வரை படித்தேன். வீட்டு நினைப்பு வந்தால் போக ஓர் இடம் கிடைத்தது.

ஒவ்வொரு துறைக்கும் அந்தத் துறை தெரிந்த நூலகர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு மின்னஞ்சல் அனுப்பி அரை மணி நேரம் கேட்கலாம். நான் இரண்டு மாதம் தனியாகத் தேடிக் கிடைக்காத பழைய மண் ஆய்வு அறிக்கைகளை அவர் இருபது நிமிடத்தில் எடுத்துக் கொடுத்தார். எந்தச் சொல்லை எந்தத் தரவுத்தளத்தில் போட வேண்டும் என்றும் காட்டிக் கொடுத்தார். அங்கே இல்லாத புத்தகம் என்றால் மாநிலத்தின் மற்றக் கல்லூரி நூலகங்களிலிருந்து வரவழைப்பார்கள். ஆங்கிலத்தில் எழுதுவது கடினமாக இருந்தால் நம்மோடு உட்கார்ந்து கட்டுரையைப் படித்துப் பார்க்க எழுத்துப் பட்டறை உண்டு. மனசு சரியில்லை என்றால் ஆலோசனை மையம் உண்டு. மூன்றாம் வருஷம் நான் அங்கே போனேன். முன்னாலேயே போயிருக்கலாம்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பணி கிடைத்தால் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகி, மாதச் சம்பளமும் வரும். பாதி நேரப் பணி என்றால் வாரத்துக்கு 20 மணி நேரம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வளாகத்துக்குள் அதற்கு மேல் வேலை செய்யக் கூடாது. முதுகலை மாணவர்களுக்குச் சொந்தத் துறையில் இந்தப் பணி கிடைக்காமல் போகலாம். அதோடு விட்டுவிட வேண்டாம். தரவு அலசத் தெரிந்த ஆளை வேளாண்மையிலும் தேடுவார்கள், நூலகத்திலும் தேடுவார்கள். மொத்தமாக நூறு பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பாமல், அவர்கள் ஆய்வைப் படித்து ஐந்து பேருக்கு எழுதுங்கள். எந்தப் பணி எப்போது வரும் என்பது பேராசிரியரைவிடத் துறை அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் பெயர் சொல்லி வணக்கம் வைத்துப் பழகுங்கள். என் விசாத் தாள் ஒன்று காலாவதியாகப் போவதை எனக்கு முன்னால் கவனித்தது எங்கள் துறை அலுவலக அம்மாதான்.

வீட்டு விஷயத்தில் மட்டும் நான் நன்றாக அடிபட்டேன். அங்கே அடுத்த ஆகஸ்டுக்கான வாடகை ஒப்பந்தம் முந்தின இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடும். அக்டோபரில் ஒரு வீட்டுக்காரர் தரப்பு ஆள், இன்று கையெழுத்துப் போடாவிட்டால் வீடு போய்விடும் என்றார். படிக்காமல் போட்டேன். வாடகையில் வெப்பமூட்டும் செலவு சேராது என்பது உள்ளே எட்டாம் பக்கத்தில் இருந்தது. ஜன்னல் இடுக்கில் காற்று புகும் வீடு. ஜனவரி மாதக் கட்டணத்தைப் பார்த்து அழுதேன். மேலும், பழைய ஒப்பந்தம் முடியும் நாளுக்கும் புதியது தொடங்கும் நாளுக்கும் நடுவே நாலைந்து நாள் இடைவெளி. அந்த நாள்களில் பெட்டிகளோடு தோழி வீட்டுக் கூடத்தில் படுத்தேன். ஒப்பந்தத்தை இலவசமாகப் படித்துச் சொல்லப் பல்கலைக்கழகத்தில் ஓர் அலுவலகமே இருக்கிறது. அடுத்த வருஷம் அங்கே கொண்டுபோனேன். ஓர் அம்மையார் பென்சிலால் மூன்று இடத்தில் வட்டம் போட்டு, இதைக் கேட்டு எழுதி வாங்கு என்றார். கேட்டேன், எழுதிக் கொடுத்தார்கள். குடி போகும் நாளிலேயே சுவர், தரை, அடுப்பு எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் திரும்ப வர அதுதான் ஆதாரம்.

2020 இலையுதிர் காலத்தை எழுதாமல் விட முடியவில்லை. பல பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தபோது, இங்கே வேதியியல் ஆய்வாளர்கள் எச்சிலைக் கொண்டே கொரோனாவைக் கண்டுபிடிக்கும் பரிசோதனையை உருவாக்கினார்கள். கால்நடை மருத்துவத்தின் நோயறி ஆய்வகத்தில் எச்சில் மாதிரிகளைச் சோதித்தார்கள். வாரத்துக்கு இரண்டு முறை நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று ஒரு சின்னக் குழாயில் எச்சில் நிரப்பிக் கொடுத்தோம். ஒரு நாளைக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் பரிசோதனை. தொற்று இல்லை என்ற முடிவு கைப்பேசியில் வந்தால்தான் கட்டடத்துக்குள் விடுவார்கள். ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன என்பது அந்த வரிசையில் நின்றபோது எனக்கு முழுதாக விளங்கியது. நாலு மாதம் முன்பு யாரோ ஒருவரின் ஆய்வக மேசையில் இருந்த யோசனை, என் கையில் குழாயாக இருந்தது.

அந்தப் பாதாள நூலகம் இப்போது இளங்கலை மாணவர்களுக்கு இல்லை. நான் கிளம்பிய மறு வருஷம், 2022இல் மூடிவிட்டார்கள். அரிய நூல்களும் ஆவணங்களும் வைக்கும் இடமாக மாற்றத் திட்டமிட்டார்கள். தம்பி போகும்போது கீழே உட்கார்ந்து படிக்கும் மாணவர்களைப் பார்க்க முடியாது. வயல் இருக்கும். முன்னேற்பாடு இல்லாமல் உள்ளே கால் வைக்க வேண்டாம், ஓரத்தில் நின்றாலே போதும். அக்டோபர் முதல் வாரத்துக்குள் போய்ப் பார்க்கட்டும், அப்புறம் அறுத்துவிடுவார்கள்.

மாரோ வயலில் 1904இலிருந்து எடுத்த மண் மாதிரிகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். எடுத்தவர்களுக்கு டிஎன்ஏ என்ற சொல்லே தெரியாது. நூறு வருஷம் கழித்து எங்களைப் போன்றவர்கள் வந்து என்ன கேள்வி கேட்பார்கள் என்று அவர்கள் யோசித்திருக்கவும் முடியாது. என்னுடைய மாதிரிகள் வேறு வயல்களைச் சேர்ந்தவை. 2021 ஆகஸ்டில், கிளம்புவதற்கு முந்தின நாள், அவற்றை ஆய்வகத்தின் பின்னறையில் அடுக்கினேன். முந்நூற்றுப் பதினெட்டு டப்பாக்கள். ஆய்வக உதவியாளர் வந்து, பேனா எழுத்து மங்கிவிடும், சீட்டு ஒன்றைப் பென்சிலால் எழுதி உள்ளேயும் போட்டுவிடு என்றார். அன்று மாலை பஸ் போகும் வரை உட்கார்ந்து, ஒவ்வொரு சீட்டிலும் இடம், ஆழம், தேதி, யார் எடுத்தது என்று எழுதிப் போட்டு, மூடியைத் திருகி வைத்தேன்.